பத்திரம் உங்கள் பேரில், மனை யார் பேரில்?

நான் பத்திரம் எழுதுகிறவன். செங்கல்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் என் மேசை. ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் வயல்கள் மனையானதைச் சொத்து விவரம் எழுதியே பார்த்துவிட்டேன். ‘நன்செய்’ என்று எழுதிய அதே சர்வே எண்ணுக்கு ‘வீட்டுமனை’ என்று எழுதியிருக்கிறேன். வாங்க வருகிறவர்களில் பலருக்கு வீடு கட்டும் எண்ணமே கிடையாது. “வாங்கிப் போட்டு வைப்போம், நாலு வருஷத்துல ரெண்டு மடங்காயிடும்” என்பார்கள். புரோக்கர் சொன்ன கணக்கு அது.

முதல்முறை வருகிற இளைஞர்கள் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு. “ரிஜிஸ்டர் ஆயிட்டா நம்ம பேருக்கு வந்துடும்ல அண்ணே?”

“பத்திரம் உன் பேருக்கு வந்துடும் தம்பி. நிலம் விக்கிறவர் பேர்ல இருந்திருந்தா அதுவும் வரும்.”

சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரின் வேலை ஆவணத்தைப் பதிவது. விற்கிறவருக்கு உரிமை இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலையில்லை. பதிவின்போது அசல் தாய்ப்பத்திரத்தைக் காட்டவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2022-ல் ஒரு விதி வந்தது. உரிமையைச் சோதிக்கும் அதிகாரம் பதிவு அதிகாரிக்கு இல்லை என்று சொல்லி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. சோதிக்க வேண்டியவர் வாங்குகிறவர்தான்.

“வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு” என்பது அடுத்த தைரியம். வில்லங்கச் சான்றில் வருவது பதிவானவை மட்டும். பதியாத உயில் அதில் தெரியாது. கையெழுத்துப் போடாத தங்கை தெரியவே மாட்டார். நான் கண்ட வழக்குகளில் அதிகம் இந்தத் தங்கை வழக்குதான். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோவார். அண்ணன் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றி, நிலத்தை மனை போடுகிறவருக்குக் கொடுத்துவிடுவார். உயில் இல்லாவிட்டால் தந்தையின் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்பது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் பங்கு என்று, மணமாகாத மகள்களுக்கு 1989-ல் தமிழ்நாடு கொடுத்தது; 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. மனை கைமாறிச் சில ஆண்டுகள் கழித்து வக்கீல் நோட்டீஸ் வரும். பட்டாவைக் காட்டிப் பயனில்லை. அது வருவாய்த்துறைப் பதிவுதான், உரிமைக்கு முடிவான சான்று அல்ல. ஆகவே விற்றவரின் அப்பா, தாத்தா வரை யார் யார் வாரிசு என்று கேளுங்கள். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் பத்திரத்தில் ஒரு கையெழுத்து வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் வேண்டும். மைனரின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் விற்றிருந்தால், அந்தப் பிள்ளை 18 வயதான பின் மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பஞ்சமி நிலம், கோயில் நிலம் என்றால் பேச்சே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

பவர் பத்திரத்தை நம்பி முழுப்பணத்தையும் கொடுக்காதீர்கள். பவரை வைத்தே மனையைக் கைமாற்றிக்கொள்வதால் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்துபோகும்.

‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ என்று பலகையில் எழுதுகிறார்களே, மனைப்பிரிவுக்கு வேண்டியது ஊராட்சித் தலைவரின் முத்திரை அல்ல. டிடிசிபி அல்லது சிஎம்டிஏ ஒப்புதல். அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது எங்கள் தெருவே காலியாகிவிட்டது. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க இருந்தவர்கள் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது. இன்று 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண் விளம்பரத்திலேயே இருக்கவேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. கேட்டால் அந்த இடத்திலேயே சந்தேகப்படுங்கள்.

சரி, எல்லாம் சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். 20 லட்ச ரூபாய் மனைக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். ஆக 1,80,000 ரூபாய். (என் கூலி அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.) இந்த 21,80,000 ரூபாயை ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் போட்டிருந்தால் ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 30½ லட்சம் ஆகியிருக்கும். மனை அந்த விலையைத் தாண்டினால்தான் லாபம் என்றே பேசலாம். கடன் வாங்கியிருந்தால் கணக்கு இன்னும் மோசம். வெறும் மனைக்கு வாடகையும் வராது.

விற்கப் போகும்போதுதான் தெரியும், உங்களுக்குப் போட்டி யார் என்று. உங்களுக்கு விற்ற அதே ஆள்! பக்கத்திலேயே ‘இரண்டாம் பகுதி’ போட்டிருப்பார். அவரிடம் வேன் இருக்கிறது, பிரியாணி இருக்கிறது, தவணை வசதி இருக்கிறது, பத்திரச் செலவு இலவசம் என்ற பேனர் இருக்கிறது. உங்களிடம் ஒரு மனையும் முள்வேலியும்தான். வருகிறவர் யாரிடம் வாங்குவார்? நகை என்றால் அன்றைக்கே கடையில் கொடுத்துக் காசாக்கலாம். மனைக்கு ஆள் கிடைக்க ஆண்டுக்கணக்காகக்கூட ஆகும். வாங்கும் முன் அதே மனைப்பிரிவில் மறுவிற்பனைக்கு இருக்கும் மனைகளைத் தேடி, உரிமையாளர்களிடம் “எவ்வளவு நாளா விக்கப் பாக்குறீங்க?” என்று கேளுங்கள். எந்தப் புரோக்கரும் சொல்லாத பதில் அங்கே கிடைக்கும்.

இடத்தையே கண்ணில் காட்டாமல் தவணைமுறையில் நிலம் தருகிறோம் என்றால் பிஏசிஎல் நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நிலத்தின் பேரைச் சொல்லித் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தரச்சொல்லி 2014-ல் செபி உத்தரவிட்ட நிறுவனம் அது. பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பை 2016-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி லோதா தலைமையிலான குழுவிடம் கொடுத்தது.

பெரும்பாலானவர்கள் பத்திரம் அடிக்கும் நாளில்தான் எங்களைத் தேடி வருகிறார்கள். அதற்குள் அட்வான்ஸ் போயிருக்கும், பின்வாங்க மனசு வராது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தாய்ப்பத்திர நகலோடு ஒரு வக்கீலிடம் போங்கள். விற்கிறவர் காட்டும் வக்கீல் வேண்டாம், உங்கள் வக்கீலாக இருக்கட்டும்.