பழைய ஜில்லெட் ரேஸர்: ஷேவ் பண்ணலாமா, பூட்டி வைக்கலாமா?

ஈபேல ஜில்லெட் 'ஃபேட் பாய்' ரேஸரைப் பார்த்துட்டு, "வாங்கி வெச்சா விலை ஏறும்"னு கார்டை எடுத்துட்டீங்களா? கொஞ்சம் பொறுங்க.

இது 1958 முதல் 1961 வரை அமெரிக்காவில் தயாரான மாடல். தலைப்பகுதிக்கு அடியில் ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். 'எஃப் 2'ன்னா 1960, இரண்டாவது காலாண்டு. ஆனா பழசு எல்லாமே அரிது கிடையாது. நிறைய தயாரிச்சதால, யூஸ் பண்ணின ஃபேட் பாய் இன்னைக்கும் சுலபமா கிடைக்குது.

சேகரிக்கிறவங்க கூடுதல் காசு கொடுக்கிறது தேயாத நிக்கல் முலாமுக்கும், ஒரிஜினல் பெட்டிக்கும், அதுக்குள்ள இருக்கிற விளக்கத்தாளுக்கும்தான். இது மூணும் இருந்தா ஷேவ் பண்ணாதீங்க. ஒவ்வொரு ஷேவும் எஃப்.டி.யை உடைச்சுச் செலவு பண்ற மாதிரி. அதுலயும் எஃப்.டி.க்கு வட்டி வரும், இதுக்கு வராது. விக்கிறப்போ ஆள் கிடைக்கணும், கமிஷனும் கூரியர் செலவும் போகணும்.

முலாம் தேய்ஞ்சு, பெட்டியும் இல்லையா? தாராளமா யூஸ் பண்ணுங்க. நம்ம கடைகள்ல கிடைக்கிற இரட்டை முனை பிளேடே இதுக்குப் பொருந்தும். கார்ட்ரிட்ஜ் செலவு மிச்சம். பாலிஷ் போட்டுத் தேய்க்காதீங்க, மிச்ச முலாமும் போயிடும். வெதுவெதுப்பான தண்ணி, சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். டயல்ல 1 முதல் 9 வரை இருக்கு, முதல் நாளே 9-க்குப் போயிடாதீங்க!