காருக்குப் பாலிஷ் போடும் முன்...

தில்லிக் காலனிகளில் காருக்குக் கூரை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களின் வண்டிகள் மே மாத வெயிலிலும் புழுதிக் காற்றிலும் தெருவோரம்தான் நிற்கின்றன. நாலைந்து வருடத்தில் மினுமினுப்புப் போய்விடும். இரவில் விளக்கடியில் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய வளையக் கீறல்கள் தெரியும். 'டென்டிங்-பெயின்டிங்' கடைக்குப் போனால் புதிதாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. ஒரு பாலிஷ் மிஷினும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் வீட்டிலேயே சரி செய்துவிடலாம்.

ஆனால் பாலிஷ் என்ன செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமற்ற பூச்சு ஒன்று உண்டு. 'கிளியர் கோட்' என்பார்கள். அதன் கனம் சுமார் 40 மைக்ரான்தான், அதாவது பொதுவாக ஒரு தலைமுடியை விட மெல்லியது. கீறல்கள் இதில்தான் விழுகின்றன. பாலிஷ் அந்தக் கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பூச்சைக் கீறலின் ஆழம் வரை தேய்த்து எடுத்துவிடுகிறது. தேய்ந்தது திரும்ப வராது. தீபாவளிக்குத் தீபாவளி தேய்த்தால் ஒருநாள் நிறமே வெளியே வந்து நிற்கும். நகத்தால் தடவும்போது நகம் சிக்குகிறதா? அந்தக் கீறல் பாலிஷுக்கு அடங்காது, விட்டுவிடுங்கள்.

மிஷினில் இரண்டு வகை. 'ரோட்டரி' ஒரே அச்சில் சுழலும். ஒரே இடத்தில் சற்று நின்றாலும் சூடேறிப் பூச்சைத் தின்றுவிடும். 'டூயல் ஆக்ஷன்' வகை சுழன்றுகொண்டே தள்ளாடும், அதிகம் அழுத்தினால் சுழற்சி நின்றுவிடும். புதியவர்களுக்கு இதுதான் ஏற்றது. வீட்டிலிருக்கும் கிரைண்டர் மிஷினில் பஞ்சை மாட்டிச் சமாளிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடுவது. வேண்டவே வேண்டாம்.

வண்டியை நன்றாகக் கழுவி, 'கிளே' உருண்டையால் ஒட்டியிருக்கும் அழுக்கை எடுத்த பிறகே மிஷினைத் தொட வேண்டும். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும் காலை நேரம் நல்லது. விளிம்புகளிலும் கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்பில்தான் பூச்சு முதலில் போகும். இருப்பதிலேயே மென்மையான பாலிஷை ஒரு சிறு இடத்தில் போட்டுப் பாருங்கள். அது போதுமென்றால் கடுமையானதை எடுக்காதீர்கள். ஸ்பாஞ்சில் நாலைந்து பட்டாணி அளவு பாலிஷ் போதும். இரண்டடிக்கு இரண்டடி என்று பிரித்துக்கொண்டு, நிதானமாகக் குறுக்கும் நெடுக்கும் போக வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து ஒயர் இழுப்பவர்கள் அது வண்டியில் உரசாமல் தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிளியர் கோட் இல்லாத பழைய வண்டிகளில் ஸ்பாஞ்சில் காரின் நிறம் ஒட்டும், அது இயல்பு. கிளியர் கோட் உள்ள வண்டியில் ஒட்டினால் அக்கணமே நிறுத்துங்கள். முடிந்ததும் ஒரு பூச்சு வாக்ஸ் போட வேண்டும்.

சரி, இந்தக் கீறல்கள் வந்தது எப்படி? பெரும்பாலும் விடியற்காலையில் கார் துடைக்க வருபவரின் துணியால்தான். புழுதி படிந்த வண்டியில் உலர்ந்த துணி உப்புக் காகிதம் போலத்தான் வேலை செய்யும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஒரு வாளித் தண்ணீரில் பத்து வண்டி துடைப்பவர் அவர். உங்கள் வண்டிக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் தண்ணீரும் நீங்களே கொடுத்து, 'பெஹ்லே பானி, ஃபிர் கப்டா' என்று சொல்லிவையுங்கள்.