கதவடைத்துக் காத்த தோட்டம்

அடையாற்றின் தென்கரையில் ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்று ஒன்று இருந்தது. 1882இல் அது மலிவாகக் கைமாறியது. ஏன் மலிவு என்பதை வாங்கிய கர்னல் ஆல்காட்டே எழுதிவைத்திருக்கிறார். நீலகிரி அடிவாரத்துக்கு ரயில் வந்தபின் வெள்ளைக்கார அதிகாரிகள் ஆண்டில் பாதியை ஊட்டியில் கழிக்கத் தலைப்பட்டார்கள். சென்னையில் அவர்களுக்கு இருந்த தோட்ட பங்களாக்களைக் கேட்பாரில்லை. அந்த வேளை பார்த்து ஆல்காட்டும் மேடம் பிளாவட்ஸ்கியும் பம்பாயிலிருந்து வந்து, பார்த்து, பிடித்துப்போய், டிசம்பரில் குடியேறினார்கள். அன்று 27 ஏக்கர். இன்று அவர்கள் நிறுவிய பிரம்மஞான சபையின் வளாகம் சுமார் 250 ஏக்கர். சென்னைக்காரர்கள் யாரும் பிரம்மஞான சபை என்று சொல்வதில்லை. ‘தியாசபிகல் சொசைட்டி’ என்றால்தான் ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

அன்று ஆற்றுக்குத் தெற்கே மீனவர் குப்பமும் சிற்றூர்களும்தான். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் எல்ஃபின்ஸ்டன் பாலத்தைக் கடந்து வந்தார்கள். இன்று அதன் பக்கத்தில் 1973இல் கட்டிய திரு.வி.க. பாலம், அதில் ஹாரன் சத்தத்துக்கு இரவில்கூட முழு ஓய்வு இல்லை. தெற்கே பெசன்ட் நகரும் திருவான்மியூரும் இடைவெளியில்லாமல் நிறைந்துவிட்டன. பழைய ஊரூர்க் குப்பம் ‘ஊரூர் ஆல்காட் குப்பம்’ ஆகி அமெரிக்கக் கர்னலின் பெயரைச் சுமக்கிறது. பாலத்தின் மேல் நின்று கடல் பக்கம் பார்த்தால் தென்கரை நெடுக மரங்கள்தான் தெரியும். நூற்று நாற்பது ஆண்டுகளில் இந்த ஆற்றோரம் அதிகம் மாறாமல் இருப்பது அந்த ஒரு துண்டுதான்.

தோட்டம், நூலகம், கலைப்பொருள் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கும் பெரிய இடம் என்றால் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தைச் சொல்வார்கள். 1919இல் அதை நிறுவிய ஹென்றி ஹண்டிங்டன் ரயில்பாதை முதலாளி. அங்கே ரயில் சம்பாதித்த பணம் தோட்டத்தை உண்டாக்கியது. இங்கே ரயில் தோட்டத்தின் விலையை இறக்கியது. மற்றபடி, இரண்டையும் ஒப்பிட்டுப் பேச அவ்வளவாக ஒன்றுமில்லை. அது ஒரு செல்வந்தர் சேர்த்து ஊருக்கு விட்டது. இது நன்கொடையாலும், எழுதிச் சம்பாதித்த பணத்தாலும், வருடா வருடம் கூடும் மாநாட்டுக்காரர்களாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

காஞ்சிபுரத்துக்காரன் இந்தத் தோட்டத்தைப் பார்க்கும் பார்வை கொஞ்சம் வேறு. எழுபத்தைந்து கிலோமீட்டர் தாண்டி இங்கே வந்து பார்க்கும் மூன்றும் எங்கள் ஊரில் இருந்தவைதாம். ஒவ்வொரு பெரிய கோயிலுக்கும் நந்தவனம் இருந்தது. கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் பல்லவர் காலத்து ஓவியம் இருந்தது. சுண்ணாம்பு உதிர்ந்தது போக மிஞ்சிய துண்டுகளை இன்றும் காணலாம். படிப்புக்குக் கடிகை இருந்தது. அதில் சேர வந்த மயூரசர்மன் பல்லவக் குதிரைவீரனோடு சண்டையிட்டுப் போய்க் கதம்பர் அரசை நிறுவிய கதையைத் தாளகுந்தா கல்வெட்டு சொல்கிறது. எல்லாம் திறந்த இடத்தில், ஊரோடு ஊராக இருந்தன. கடிகை இருந்த இடமே இன்று தெரியாது. நந்தவனங்கள் பல சுருங்கி, சில பெயரளவில் நிற்கின்றன. சுவாமிக்கு மாலை கடையிலிருந்து வருகிறது.

அடையாறு நூலகம் 1886 டிசம்பர் 28ஆம் தேதி தொடங்கியது. முதல் இருப்பு ஆல்காட் கைவசம் வைத்திருந்த 200 புத்தகங்கள். அவை 24 மொழிகளில் இருந்தன என்பார்கள். இப்போது அச்சு நூல்கள் இரண்டரை லட்சம் அளவில். சுவடிகள் ஏறக்குறைய 20,000. அவற்றில் பெரும்பகுதி பனையோலை. எண்ணிக்கையைக் காட்டிலும், இவை வந்து சேர்ந்த காலத்தை நினைக்க வேண்டும். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று உ.வே. சாமிநாதையர் நொந்து எழுதியிருக்கிறார். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட கட்டுகளுக்குக் கணக்கே கிடையாது. படிக்கத் தெரிந்த தாத்தா போனபின் ஏடு வீட்டுக்குப் பாரம்; கரையான் அரித்ததைத் தீயிலோ நீரிலோ சேர்ப்பது புண்ணியம் என்றும் நம்பினார்கள். அந்தச் சமயத்தில் கேட்டு வாங்கி அடுக்கி வைக்க ஓர் இடம் இருந்தது.

ஒரு சுவடிக் கட்டைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். மேலும் கீழும் மரச்சட்டம், நடுவே துளைகளில் கோத்த கயிறு, சுற்றிலும் துணி. ஓலை ஒரு முழம் நீளம் இருக்கும், இரண்டு விரல் அகலம் இருந்தால் அதிகம். எழுத்தாணி கீறிய கோட்டில் கரியைத் தேய்த்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். பூச்சி துளைத்த ஓட்டை பத்து ஏடுகளை ஒரே இடத்தில் ஊடுருவிப் போயிருக்கும். அந்தப் பத்து ஏட்டிலும் ஓர் எழுத்து கிடையாது. அந்த எழுத்தை வேறு பிரதியில் தேடி நிரப்புவதுதான் பதிப்பாசிரியரின் வேலை. அன்று காப்புக்கு எலுமிச்சைப்புல் தைலம் தடவினார்கள். இன்றும் அதைத்தான் தடவுகிறார்கள், கூடவே படமும் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

நூலகத்தில் அப்படி வேலை பார்த்தவர்களில் எனக்கு மறக்க முடியாதவர் ஜெர்மானியரான ஆட்டோ ஷ்ராடர். 1905 முதல் இதன் இயக்குநர். 1912இல் சந்நியாச உபநிடதங்களைப் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். முதல் உலகப்போர் மூண்டதும் எதிரி நாட்டுக்காரர் என்று பிரிட்டிஷ் அரசு அவரைப் பிடித்து அகமதுநகர் முகாமில் வைத்தது. பாஞ்சராத்திர ஆகமத்துக்கு அவர் எழுதிய அறிமுக நூல் 1916இல் அடையாறு வெளியீடாக வந்தபோது அவர் காவலில் இருந்தார். பாஞ்சராத்திரம் எங்கள் வரதராஜர் கோயிலில் தினமும் பூஜை நடக்கும் ஆகமம். சன்னதித் தெருவில் வாய்மொழியாகவும் ஏடாகவும் இருந்த ஒன்றை உலகத்துப் பல்கலைக்கழகங்கள் முதலில் ஒழுங்காகப் படித்தது, அடையாற்றில் அச்சான ஒரு கைதியின் புத்தகத்தில்.

தோட்டத்துக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் நூலகப் பக்கம் போவதில்லை. நேரே ஆலமரத்துக்குப் போகிறார்கள். அந்த மரம் முதலில் வாங்கிய 27 ஏக்கரில் இல்லை. அன்னி பெசன்ட் 1907இல் சபையின் தலைவரானபின் சுற்றியிருந்த தோப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது வந்தது. வயது 450 ஆண்டு இருக்கும் என்பது கணிப்பு. பரப்பு சுமார் 40,000 சதுர அடி. பெசன்ட் காலத்தில் மாநாட்டுக் கூட்டம் இதன் நிழலில் நடந்தது. மூவாயிரம் பேர் தரையில் உட்கார்ந்து கேட்பார்களாம். 1989இல் அடித்த புயற்காற்றில் தாய்மரம் சாய்ந்தது. நிமிர்த்தி நட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. இன்று நாம் மரம் என்று பார்ப்பது விழுதுகளை. நடுவில் அடிமரம் நின்ற இடம் வெற்றிடம். சுற்றிலும் அதன் பிள்ளைகள். உட்காரவோ தொடவோ முடியாது. தள்ளி நின்று பார்த்துவிட்டு வரலாம்.

காஞ்சிக்காரனுக்கு இது பழகிய கதை. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு மூவாயிரத்தைந்நூறு ஆண்டு என்பது ஊர் வழக்கு. நாலு கிளையில் நாலு சுவை. அந்த மரமும் பட்டுப்போயிற்று. அதன் அடிமரத்தைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். மரம் நின்ற இடத்தில் இளைய மரம் நிற்கிறது. அதையும் சுற்றி வந்து கும்பிடுகிறோம். வயதைப் பற்றி இரண்டு இடத்திலும் யாரும் கறாராகக் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடையாறு வளாகத்தில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. ஆலமரம் தப்பியது. பல கால்களில் நிற்பதற்கு அந்தச் சௌகரியம் உண்டு.

மரமும் ஏடும் காப்பாற்றப்பட்டன. ஆனால் 1930களிலும் 40களிலும் இந்த மதிலுக்குள் என்னென்ன நடந்தன என்று நினைத்தால் இன்றைய அமைதி வேறு மாதிரி படுகிறது. 1936 ஜனவரியில் நாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி இங்கே ஒரு மரத்தடியில்தான் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே நெசவுக்கூடம் வைத்தார். 1939இல் வந்த மரியா மாண்டிசோரி போர் முடியும்வரை ஊர் திரும்ப முடியாமல் இந்தியாவில் தங்கினார். இங்கே நடத்திய வகுப்புகள் வழியே அவர் கல்விமுறை நம் ஊர்ப் பாலர் பள்ளிகளுக்குப் பெரிதும் பரவியது. 1942இல் உ.வே.சா. காலமானதும் அவர் வாழ்நாளெல்லாம் ஊர் ஊராய் அலைந்து சேர்த்த சுவடிகளுக்கு 1943இல் முதலில் இடம் கிடைத்ததும் அடையாற்றில்தான். அதற்கும் ருக்மிணி தேவிதான் முயற்சி எடுத்தார். நாட்டியத்துக்கு ஒரு பக்கம் தட்டுக்கழி சத்தம், இன்னொரு பக்கம் தறிச் சத்தம், நடுவே குழந்தைகள்.

அவையெல்லாம் ஒவ்வொன்றாக மதிலைத் தாண்டிப் போயின. சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் 1945இல் மறைந்தபின் தலைமை மாறியது. தோட்டம் மெல்ல மெல்லத் தியானத்துக்கும் படிப்புக்கும் என்று ஒதுங்கியது. கலாக்ஷேத்ரா 1962 வாக்கில் திருவான்மியூருக்குப் போய்ச் சேர்ந்தது. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் ஆனது. உ.வே.சா. நூல்நிலையம் பெசன்ட் நகரில் சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது. ஆல்காட் 1894இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று மேல்நிலைப்பள்ளி. எல்லாம் நன்றாக வளர்ந்தவைதான். வெளியே போனதால் வளர்ந்தன என்றும் சொல்லலாம். ஆனால் நாட்டியம் கற்ற பெண் போகிற வழியில் ஓலைச்சுவடியைப் பார்க்கவும், சுவடி படித்தவர் தறியைப் பார்க்கவும் ஒரே இடத்தில் இருந்த வாய்ப்பு போயிற்று. இப்போது அதற்கு மூன்று ஆட்டோ பிடிக்க வேண்டும்.

மிஞ்சிய தோட்டத்துக்குள் நுழைவதும் எளிதில்லை. பல ஆண்டுகளாகவே காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம்தான் பார்வையாளருக்கு விட்டார்கள். சாப்பாடு கூடாது, சத்தம் கூடாது. கட்டுச்சோற்றோடு குடும்பமாக வந்து வாசலில் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் நிபந்தனை இல்லாமல் திறந்துவிட்டிருந்தால் இந்த 250 ஏக்கர் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஆற்றின் மற்ற கரையே சாட்சி. நரியும் ஆந்தையும் பழந்தின்னி வௌவாலும் மாநகரின் நடுவில் இத்தனை காலம் குடியிருந்ததற்கு அந்த வாட்ச்மேனின் விசில்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மூடி வைத்துக் காப்பது காஞ்சிக்குப் புதிதும் இல்லை. வரதராஜர் கோயிலின் அத்திமரச் சிலையான அத்திவரதரை நாற்பது ஆண்டு அனந்தசரஸ் குளத்துக்கு அடியில் வைக்கிறோம். 1979க்குப் பிறகு 2019இல் எழுந்தருளினார். 48 நாளில் ஒரு கோடிப் பேர் அளவுக்கு வந்தார்கள். தினமும் தரிசனம் என்றால் அந்தக் கூட்டமும் இல்லை, அத்தி மரத்தின் கதி என்னவோ. நந்தவனத்தையும் ஏட்டையும் மட்டும் ஏன் அப்படி வைக்கத் தெரியவில்லை என்று ஊரில் யாரைக் கேட்பது?

அடையாற்றிலிருந்து வெளியே போனவற்றில் ஒன்று எங்கள் ஊருக்கே வந்தது. ருக்மிணி தேவியின் நெசவுக்கூடம் பழைய சேலைகளைத் தேடிப் பார்த்து, அகலக் கரை, அழுத்தமான எதிர் வண்ணம், குறைந்த ஜரிகை என்று கைவிட்டுப்போன அழகைத் திரும்பத் தறியில் ஏற்றியது. இன்று காந்தி ரோட்டில் எந்தக் கடையிலும் “கலாக்ஷேத்ரா மாடல் எடுத்துப் போடுங்கண்ணே” என்றால் தாழம்பூ ரேகும் கோபுரக் கரையுமாக விரித்துப் போடுவார்கள். அந்தக் கரைக்கு உயிர் கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடையும் தனித்தனி ஓடத்தில் ஓடி, சேரும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். கிழித்தாலும் அந்த இடத்தில் பிரியாது. தறியில் இரண்டு பேர் வேண்டும்: நெய்பவர், பக்கத்தில் கரை ஓடத்தை வாங்கிப் போடுபவர். அன்று அந்தப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தது வீட்டுப் பிள்ளை, இல்லையென்றால் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட அடுத்த வீட்டுப் பிள்ளை. இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். இருக்க வேண்டிய இடமும் அதுதான். பெரியவர் ஒருவரைக் கூலிக்கு வைத்தால் சேலையின் விலை ஏறுகிறது. அதனால் கோர்வை இல்லாமல் ஒருவரே நெய்து முடிக்கும் சேலைகள் பெருகிவிட்டன. கரையும் நிறமும் கலாக்ஷேத்ரா மாதிரியே இருக்கும். திருப்பிப் போட்டுக் கரை சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.