உள்ளங்கைக் கணக்கு – 7: பெயர் வேண்டாம், எண் போதும்

சென்ற வாரம் கடவுச்சொல் பற்றிப் பார்த்தோம். அது நாம் தெரிந்தே கொடுப்பது. குக்கீ அப்படியல்ல, பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே கைபேசிக்குள் வந்து உட்காருகிறது.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மின் ஏலம் நடக்கும்போது வியாபாரிகள் ஆளுக்கொரு கணினி முன் அமர்ந்திருப்பார்கள். மாதிரிக் காயைக் கையில் உருட்டி, நிறம் பார்த்து, முகர்ந்து விலை கேட்பார்கள். திரையில் நிற்பது லாட் எண். சரக்கு பூப்பாறைக் காயா, சாந்தன்பாறைக் காயா, யார் கொண்டுவந்தது என்பதெல்லாம் அந்த எண்ணுக்கு நேரே ஏலக் கம்பெனியின் பேரேட்டில் இருக்கும்.

குக்கீயும் பெரும்பாலும் அப்படி ஓர் எண்தான். வைரஸ் அல்ல. ஓர் இணையதளத்தைத் திறந்ததும் அது உங்கள் பிரவுசரிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவைக்கும். மறுமுறை போகும்போது பிரவுசர் அதைக் காட்டும்; உங்கள் வரவு பேரேட்டில் ஏறும். 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி இதை உருவாக்கினார். இணையக் கடையில் கூடைக்குள் போட்ட பொருளைத் தளம் மறக்காமல் இருக்க இது உதவியது. இந்தக் குக்கீ இல்லாவிட்டால் டிக்கெட் பதிவின் பாதியிலேயே தளம் நம்மை மறந்துவிடும். இதை விரட்ட வேண்டியதில்லை.

வினை வெளியாளின் குக்கீயில் இருக்கிறது. நீங்கள் படிக்கும் செய்திப் பக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனம் இடம் பிடித்து, தானும் ஓர் எண்ணைக் கொடுத்துவைத்திருக்கும். அதே நிறுவனம் மருந்துக் கடைத் தளத்திலும் வேலைவாய்ப்புத் தளத்திலும் இருக்கும். பஜாரில் எல்லாக் கடை வாசலிலும் ஒரே ஆள் நோட்டோடு நின்று, நாம் எங்கே நுழைந்தோம், எதைத் தொட்டுப் பார்த்தோம் என்று எழுதினால் சும்மா விடுவோமா?

என் தங்கையின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஒருநாள் என் கைபேசியை வாங்கி, கருப்பைக் கட்டி பற்றித் தேடிப் படித்திருக்கிறாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் முதல் நான் திறந்த பக்கங்களிலெல்லாம் அதற்கான சிகிச்சை விளம்பரங்கள். அவள் சொல்ல நினைக்காததை எனக்கு ஒரு விளம்பரம் சொன்னது. விடியுமுன் ஜீப் பிடித்து போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களை அன்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கே ஒரு போன் என்றால், அவர்கள் தேடியதைக் கணவரும் பார்ப்பார், மாமியாரும் பார்ப்பார், பிள்ளையும் பார்க்கும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று சொல்லிவிட்டார்கள். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பிரிவுகள் இவை. ஆனால் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆப்பிளின் சஃபாரி 2020 முதலே வெளியாள் குக்கீகளைத் தடுக்கிறது. குரோமிலிருந்து அவற்றை நீக்குவதாக அதே ஆண்டு சொன்ன கூகுள், 2024-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் கையால்தான் செய்ய வேண்டும். மேலே மூன்று புள்ளியைத் தொட்டு அமைப்புகள், தள அமைப்புகள், மூன்றாம் தரப்பு குக்கீகள் (வெளியாள் குக்கீக்கு அங்கே இதுதான் பெயர்) என்று போய்த் தடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சேர்ந்தவற்றைத் தனியாக அழிக்க வேண்டும். அழித்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி உள்நுழையச் சொல்லும். போன வாரம் எழுதிவைத்த கடவுச்சொற்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசருக்கு வெளியே இருக்கும் செயலிகளுக்கு இந்தப் பூட்டு செல்லாது. ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாள எண் என்று ஒன்று உண்டு. போன் அமைப்புகளில் கூகுள், விளம்பரங்கள் என்று போனால் அதையும் நீக்கலாம்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுகிறவர்கள் மறைநிலைச் சாளரத்தில் போடுங்கள். மூடியதும் அந்தக் குக்கீகள் போய்விடும். தரவிறக்கிய சான்றிதழ் மட்டும் கணினியிலேயே கிடக்கும். அதை அழித்துவிட்டே எழுந்திருங்கள்.

(தொடரும்)