பழைய பைபர் படகு: முதலில் பழுது, பிறகு பெயிண்ட்

கொஞ்சம் நிலமும் கரையில் ஒரு பைபர் படகும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தும் சிறு விவசாயிகள் கடலோரக் கிராமங்களில் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி தாக்கிய பிறகு, கட்டுமரம் இருந்த இடத்தைப் பெருமளவு பைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. அப்போது வந்த படகுகளுக்கு இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. நிறம் மங்கியதும் இரண்டு டின் பெயிண்ட் வாங்கி அடித்துவிட்டால் படகு புதியதாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. பெயிண்ட் வெடிப்பை மறைக்குமே தவிர அடைக்காது. மறைந்த வெடிப்பு கரையில் தெரியாது. நடுக்கடலில் அலை மோதும்போதுதான் தெரியும்.

சிறு வெடிப்பு, சிறு ஓட்டை, அடிப்பகுதித் தேய்மானம் ஆகியவற்றை நாமே சரிசெய்துகொள்ளலாம். மழையில்லாத பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்கு ஏற்றவை.

பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

படகைக் கவிழ்த்து, சிப்பியையும் பாசியையும் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உப்பு தங்கினால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு சிறு சுத்தியலால் அடிப்பகுதி முழுவதும் மெதுவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று கேட்கும் இடம் நல்ல இடம். பொத்தென்று கேட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்துள்ளன என்று அறியலாம். அந்த இடங்களைச் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டுக் கொள்ளுங்கள். மணலில் இழுபடும் நடு அடிப்பகுதியைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

இயந்திரம் பொருத்தும் பின்பலகையில் போல்ட் ஆடினாலோ, துளையில் நீர் கசிந்தாலோ உள்ளே இருக்கும் மரம் ஊறி மக்கியிருக்கும். இதை மட்டும் நாமே செய்ய முயலாமல், படகு கட்டும் தொழிலாளியிடம் விட்டுவிடுவது நல்லது.

ஈரம் போக வேண்டும்

குறியிட்ட இடங்களைக் கிரைண்டரால் நல்ல இழை தெரியும் வரை தேய்த்துவிட வேண்டும். ஓட்டையின் ஓரம் செங்குத்தாக நிற்கக் கூடாது. சரிவாக இருக்க வேண்டும். படகின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலச் சரிவு தேவை. கால் அங்குலக் கனமானால் சுற்றிலும் மூன்று அங்குலம். சரிவில்லாமல் ஒட்டிய ஒட்டு, தட்டினால் கழன்றுவிடும்.

அடுத்துச் சில நாட்கள் உலரவிட வேண்டும். உலர்ந்ததா என்றறிய ஓர் எளிய வழி உண்டு. தேய்த்த இடத்தின்மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, ஓரங்களை டேப்பால் ஒட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் உலர வேண்டும்.

ரெசின் கலக்கும்போது கவனம்!

ரெசினில் முதலில் கோபால்ட்டைக் கலந்து நன்றாகக் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேரக் கூடாது. சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கும். இரண்டையும் தனித்தனி இடத்தில் வைத்து, தனித்தனி அளவுக் குவளையால் எடுக்க வேண்டும். சில ரெசினில் கோபால்ட் முன்பே கலந்திருக்கும், கடையில் கேட்டுக்கொள்ளவும்.

ஒரு கிலோ ரெசினுக்குப் பொதுவாகக் கேட்டலிஸ்ட் 10 முதல் 20 கிராம். வெயில் நேரத்தில் குறைவாகப் போதும். நிழலில் அமர்ந்து, ஒரு தடவைக்குக் கால் கிலோ மட்டும் கலப்பது நல்லது. கூடுதலாகக் கலந்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்குக்கு முகமூடி அவசியம். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் உடனே கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தேய்த்த இடத்தை அசிடோன் துணியால் துடைத்து, ரெசின் பூசி, மேட் துண்டுகளை ஒன்றைவிட ஒன்று சற்றே பெரிதாக அடுக்க வேண்டும். 450 கிராம் மேட் ஓர் அடுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். இதைக்கொண்டு எத்தனை அடுக்கு என்று கணக்கிடலாம். காற்றுக் குமிழ் தங்காமல் ரோலரால் அழுத்த வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். சூடேறி வெடிப்பு விடும்.

கடைசியாகப் பெயிண்ட்

ஒட்டு நன்றாக இறுகிய பிறகு அசிடோனால் பிசுபிசுப்பை நீக்கி, உப்புத்தாளால் படகு முழுவதையும் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான பரப்பில் பெயிண்ட் பிடிக்காது. தூசி துடைத்து, பிரைமர் ஒரு முறை, படகுக்கென்றே விற்கும் பெயிண்ட் மெல்லியதாக இரண்டு முறை அடித்தால் போதும். பாசி பிடிக்காத விலையுயர்ந்த பெயிண்ட், எப்போதும் நீரிலேயே நிற்கும் படகுக்குத்தான் தேவை. தினமும் கரையேற்றும் படகுக்கு அந்தச் செலவு வீண். எந்த நிறம் என்று மீன்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு டின் வாங்குங்கள். பதிவு எண்ணைத் தெளிவாகத் திரும்ப எழுத மறக்கக் கூடாது.

கடலுக்குப் போகுமுன், ஆழமில்லாத நீரில் படகை இறக்கி, மணல் மூட்டைகளை ஏற்றி அரை நாள் நிறுத்திப் பாருங்கள். உட்புறம் ஒட்டுப்போட்ட இடம் காய்ந்தே இருந்தால்தான் தொழிலுக்குப் போகலாம்.