வைரத்துக்கு மூலக்கூறு உண்டா?

பாலித்தீன் பையிலும் வைரக் கல்லிலும் கார்பன் அணுக்கள் சகப்பிணைப்பால்தான் கோக்கப்பட்டிருக்கின்றன. அதை வைத்து இரண்டையும் பெருமூலக்கூறு என்று ஒரே தலைப்பில் அடைத்துவிடும் பாடநூல்களும் உண்டு. ஆனால் சூடான தோசைக்கல்லில் பை இளகி ஒட்டிக்கொள்ளும். வைரத்துக்கு ஒன்றும் ஆகாது.

பாலித்தீன் சங்கிலி ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் கார்பன் அணுக்கள் இருக்கலாம். இருந்தும் அதற்கு முனைகள் உண்டு. முனையோடு அந்த மூலக்கூறு முடிந்துவிடுகிறது. பிழிந்த இடியாப்பம் போலப் பின்னிக் கிடக்கும் சங்கிலிகளை வலுவற்ற வாண்டர்வால்ஸ் விசைதான் சேர்த்து வைத்திருக்கிறது. சுமார் 105 முதல் 135 டிகிரி செல்சியஸில் அவை வழுக்கி நகரத் தொடங்க, பாலித்தீன் உருகுகிறது. இதற்கு ஒரு கார்பன்–கார்பன் பிணைப்புகூட அறுபட வேண்டியதில்லை. தனித்தனி மூலக்கூறுகள் என்பதால் மூலக்கூறு நிறையையும் சொல்லலாம்: பாலித்தீனுக்குச் சராசரியாக மட்டும், புரதத்துக்கோ திட்டமாகவே. தசையிலுள்ள மயோகுளோபினுக்கு அது சுமார் 17,000.

ரப்பர் போன்ற பொருள்கள் இப்படிப்பட்ட நீண்ட சங்கிலிகளே என்று ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953இல்தான்.

வைரத்தின் உள்ளமைப்பை 1913இல் இயற்பியலாளர்களான பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரால் கண்டறிந்தனர். ஒவ்வொரு கார்பனும் 0.154 நானோமீட்டர் தள்ளி நான்கு கார்பன்களோடு பிணைந்திருக்கிறது. அந்த நான்கும் அப்படியே. இதற்குள் எங்கே தேடினாலும் மூலக்கூறு கிடைக்காது. கல்லின் மேற்பரப்புதான் எல்லை. ஒரு கேரட் வைரத்தில் ஏறத்தாழ 10²² அணுக்கள். இரண்டாக வெட்டினால் இரண்டு சிறிய வைரங்கள், அவ்வளவுதான். குவார்ட்ஸும் இந்த வகையே. SiO₂ என்பது அணுக்களின் விகிதம் மட்டுமே, ஒரு மூலக்கூறின் வாய்பாடு அல்ல. குவார்ட்ஸ் உருகச் சகப்பிணைப்புகளே அறுபட வேண்டும். அதனால் உருகுநிலை 1,700 டிகிரியை ஒட்டி இருக்கிறது.

அறுபது கார்பன்கள் பந்தாக மூடிக்கொண்ட ஃபுல்லரீன், வைரத்தைப் போலவே வெறும் கார்பன்தான். ஆனாலும் டொலுயீனில் கரைகிறது. அது எல்லையுள்ள தனி மூலக்கூறு.

தனி மூலக்கூறா, தொடர் பிணைப்பு வலையா என்ற இந்தப் பாகுபாட்டுக்கு எளிதில் அடங்காதது வல்கனைஸ் செய்த ரப்பர்தான். கந்தகம் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிடுவதால் ஒரு மூலக்கூறு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அது உருகாது, பெட்ரோலில் ஊறி உப்புமே தவிரக் கரையாது. ஆனாலும் படிகத்துக்குரிய ஒழுங்கு அதில் இல்லை, குறுக்குப் பிணைப்புகளும் அங்கொன்று இங்கொன்றுதான். எனவே அது பாலித்தீன் போன்ற பலபடிகளோடுதான் வைத்து எண்ணப்படுகிறது.