தெர்மாகோலைத் தின்னும் பிசின்

ஒகேனக்கல் பரிசலில் பாரம் தாங்குவது மூங்கில். அடியில் போர்த்தியிருப்பது அன்று மாட்டுத்தோல், இன்று பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. கிழிந்தால் வேறு போர்த்திக்கொள்ளலாம்.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இளைஞர்கள் அலையில் சறுக்கும் பலகையில் இந்தக் கணக்கு தலைகீழ். உள்ளே வெறும் நுரை. மேலே கண்ணாடியிழைத் துணியில் பிசின் ஊறி இறுகிய மெல்லிய ஓடு. பலமெல்லாம் ஓட்டில்தான். பலகை வளையும்போது ஒரு பக்கத்து ஓடு இழுபடும், மறுபக்கத்து ஓடு நெருக்கப்படும். இரண்டையும் விலக்கி நிறுத்துவதுதான் நுரையின் பிழைப்பு. ஓடு நுரையை விட்டுக் கழன்றால் பலகை போயிற்று.

அதனால் எந்த நுரைக்கு எந்தப் பிசின் என்பது உயிர்நாடியான கேள்வி. மலிவான நுரை தெர்மாகோல். 2017-இல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க மிதக்கவிட்ட அட்டைகள் காற்றுக்குக் கரை ஒதுங்கியதை நாடே பார்த்துச் சிரித்தது. அவ்வளவு லேசு, நூற்றுக்குச் சுமார் 98 பங்கு காற்று. மலிவான பிசின் பாலியெஸ்டர். ஃபைபர் படகு கட்டும் கொட்டகையில் மூக்கைத் துளைக்கிறதே, அந்த வாடை அதில் கலந்திருக்கும் ஸ்டைரீனுடையது. இரண்டையும் சேர்த்தால் செலவு மிச்சம் என்றுதான் தோன்றும். ஆனால் தெர்மாகோலே ஸ்டைரீன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பாலிஸ்டைரீன்தான். இனம் இனத்தோடு கரையும். பிசின் பட்ட இடமெல்லாம் காற்று வெளியேறி, நுரை குழிந்து பசையாகிவிடும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை ஒரு துண்டுத் தெர்மாகோலில் விட்டுப் பாருங்கள், ஏறக்குறைய அதே கூத்து நடக்கும்.

1940-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் பாப் சிம்மன்ஸ் இதற்கு ஒரு சுற்றுவழி கண்டார். பாலிஸ்டைரீன் நுரையை ஒட்டுப்பலகையாலும் பால்சா மரத்தாலும் மூடி, பிசினை அதன்மேல் பூசினார். 1950-களின் பிற்பகுதியில் ஹோபி ஆல்ட்டரும் கார்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரைக்கு மாறினார்கள். அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்தவை. ஸ்டைரீனால் பிரிக்க முடியாது. பாலியூரித்தேன் நுரையும் பாலியெஸ்டர் பிசினும் சேர்ந்த ஜோடி பல பத்தாண்டுகள் கோலோச்சியது. 2005 டிசம்பர் 5 அன்று கிளார்க் தன் நுரை ஆலையைத் திடீரென்று மூட, பலகை செய்வோர் பலர் மீண்டும் தெர்மாகோல் பக்கம் திரும்பினார்கள், இம்முறை எபாக்சி என்ற பிசினோடு.

எபாக்சியில் ஸ்டைரீன் இல்லை. இரண்டு நுரையோடும் ஒட்டும். பிறகு ஏன் எல்லோரும் அதையே வாங்குவதில்லை? விலை ஒரு காரணம். அதன் பிடிவாதம் இன்னொன்று. பாலியெஸ்டரில் விடும் வினையூக்கி சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ இறுகும் வேகம்தான் மாறும். எபாக்சியின் கடினமாக்கியோ இறுகிய பொருளிலேயே ஓர் அங்கம். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஜோடி கிடைத்தாக வேண்டும். அளவு தப்பினால், எத்தனை நாள் காத்திருந்தாலும் பிசுபிசுப்பு போகாது.

நம் ஊர் வெயிலுக்கு இன்னொரு சிக்கல். வெப்பம் ஏறும் நேரத்தில் பூசினால், தெர்மாகோல் மணிகளுக்கு இடையிலுள்ள காற்று விரிந்து பிசினைக் குமிழ் குமிழாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். சூடு இறங்கும்போது பூசினால் காற்று சுருங்கிப் பிசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் காலையில் இழைத்துச் செதுக்கிவிட்டு, பிசினைப் பொழுது சாயும் நேரத்துக்கு வைத்துக்கொள்வார்கள்.